வீட்டிற்கு ஒரு மின்னணுச் சதுரங்கப் பலகை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், எலக்ட்ரானிக் செஸ் போர்டு வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?" 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபின் இப்படிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, தெரிந்ததை ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் ஒரு நியாயமான சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். செல்போனில் இலவசமாகவே சதுரங்கம் ஆடலாமே, பலகைக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? உண்மைதான். ஆட்டத் திறமை ஒன்றை மட்டும் பார்த்தால் பலகை தேவையே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் நிரலை எந்த மனிதராலும் வெல்ல முடியாது. அது சாதாரண செல்போனிலேயே ஓடும். எனவே "எங்கள் போர்டு எவ்வளவு பலமாக ஆடும் தெரியுமா?" என்ற விளம்பரத்தைப் பொருட்படுத்த வேண்டாம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தப் பலத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

பலகையால் வரும் நன்மை வேறு. கண் திரையை விட்டு விலகுகிறது. காயைக் கையால் எடுத்து வைப்பதால் போட்டிகளில் ஆடும் பழக்கம் வருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூடத்தில் ஒரு பலகை விரித்திருந்தால் பக்கத்தில் வந்து உட்கார ஒருவருக்காவது தோன்றும். செல்போனில் ஆடும் குழந்தையின் அருகில் யாரும் வந்து உட்காருவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பலகை எப்படி அறிகிறது?

வீட்டில் வைத்து ஆடும் சதுரங்கக் கம்ப்யூட்டர் புதிய பொருளன்று. அமெரிக்காவில் ஃபிடலிட்டி என்ற நிறுவனம் 1977-லேயே செஸ் சேலஞ்சர் என்ற பெயரில் ஒன்றை விற்றது. அதில் நகர்வை விசைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைய பலகைகள், நாம் காயை நகர்த்தியதைத் தாமே அறிந்துகொள்கின்றன. அறியும் முறையைக் கொண்டு அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. அழுத்தப் பலகை. காயை எடுக்கும் கட்டத்தில் ஒருமுறையும், வைக்கும் கட்டத்தில் ஒருமுறையும் மெல்ல அழுத்த வேண்டும். விலை மிகக் குறைவு. உள்ளேயே ஆடும் நிரல் இருப்பதால் போன் தேவையில்லை. அழுத்தும் பழக்கம் சிறு குழந்தைகளுக்கு முதல் இரண்டு நாள் சிரமமாக இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

2. காந்தப் பலகை. ஒவ்வொரு காயின் அடியிலும் சிறு காந்தம் இருக்கும். ஒரு கட்டத்தில் காய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே பலகைக்குத் தெரியும். அது யானையா குதிரையா என்பதை, தொடக்கத்திலிருந்து நடந்த நகர்வுகளை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே ஆட்டத்தின் நடுவில் காய்கள் சிதறினால், பழைய நிலையை நாம்தான் சரியாக அடுக்க வேண்டும்.

3. காய் அறியும் பலகை. ஒவ்வொரு வகைக் காயையும் பலகை தனித்தனியே அடையாளம் கண்டுகொள்ளும். நெதர்லாந்தின் டி.ஜி.டி. நிறுவனப் பலகைகள் இவ்வகை. பெரிய போட்டிகளில் நகர்வுகளை உடனுக்குடன் உலகெங்கும் காட்டப் பயன்படுபவை அவை. செஸ்நட் ஏர் போன்ற வீட்டுப் பலகைகளும் இவ்வகையில் வந்துள்ளன. எந்த நிலையை வேண்டுமானாலும் அடுக்கி, "இங்கிருந்து ஆடு" என்று சொல்லலாம். விலை, அழுத்தப் பலகையைப்போலப் பல மடங்கு. ஒரு காய் தொலைந்தால் கடையில் வேறு காய் வாங்கி வைக்க முடியாது. அதே நிறுவனத்தின் காய்தான் வேண்டும்.

4. தானே நகர்த்தும் பலகை. அடியில் ஒரு காந்தக் கை ஓடி, காய்களை இழுத்துச் செல்லும். மும்பையில் உருவான ஸ்கொயர் ஆஃப், 2016-ல் மக்களிடம் முன்பணம் திரட்டி இப்படி ஒரு பலகையைக் கொண்டுவந்தது. விருந்தினர் முன் வைத்தால் எல்லோரும் வியப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் பிடிக்கும், இயந்திரச் சத்தமும் இருக்கும். தினசரிப் பயிற்சியைவிடத் தொலைவில் இருப்பவருடன் ஆடுவதற்கே இது பொருத்தம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கடைக்காரரிடமோ விற்பனையாளரிடமோ ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: போன் இல்லாமல் இது ஆடுமா? சில பலகைகளில் ஆடும் மூளை உள்ளேயே இருக்கும். பலவற்றில் அது போனில் உள்ள செயலியில் இருக்கும். பின்னதை வாங்கினால், பலகையோடு போனையும் குழந்தை கையில் கொடுக்க வேண்டிவரும். திரையிலிருந்து விலக்கத்தானே வாங்குகிறோம்? மேலும், நிறுவனம் செயலியைக் கைவிட்டால் பலகை வெறும் பலகைதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், போனை மாற்றியதும் செயலி திறக்கவே இல்லை. புதிய போனுக்கு ஏற்ற பதிப்பு வரவில்லையாம். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு, போன் இல்லாமலே இயங்கும் பலகையைத்தான் நான் சொல்வேன்.

இரண்டு: இரண்டு பேர் ஆடும் வசதி உண்டா? பலகை நடுவராக மட்டும் இருந்து, தவறான நகர்வைச் சுட்டிக்காட்ட வேண்டும். பலர் கேட்க மறப்பது இதைத்தான். அப்பாவும் மகளும் ஆடும்போதும் பலகை பயன்பட வேண்டாமா?

மூன்று: கட்டம் எவ்வளவு பெரியது? போட்டிகளில் கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர். வீட்டிற்கு இதைவிடச் சிறியது போதும். நான்கு சிப்பாய்களை ஒரே கட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். கொள்ளுமானால் அளவு சரி. கொள்ளாவிட்டால் காய்கள் ஒன்றையொன்று இடிக்கும், உணரியும் குழம்பும்.

நான்கு: விளக்கு எங்கே எரிகிறது? சில பலகைகளில் ஒவ்வொரு கட்டத்திலும் எல்.இ.டி. விளக்கு உண்டு. சிலவற்றில் ஓரங்களில் மட்டும் இருக்கும். "இ" வரிசை விளக்கும் 4 என்ற விளக்கும் எரிந்தால் அது இ4 என்ற கட்டம். கட்டத்திலேயே எரிவது சுலபம். ஓரத்தில் எரிவது கட்டங்களின் பெயரை மனத்தில் பதிய வைக்கும். விலை குறைந்ததே பாடத்திற்கு நல்லது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஐந்து: பழுதானால் எங்கே அனுப்புவது? நம் ஊரிலேயே சேவை உண்டா, உத்தரவாதம் எத்தனை மாதம், உதிரிக் காய் கிடைக்குமா என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்

பலகையை வைக்கும்போது வலக்கைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். காயைக் கட்டத்தின் நடுவில் வைக்கப் பழக்குங்கள். தரையோடு தரையாக இழுத்துச் சென்றால், நடுவில் உள்ள கட்டங்களையும் சில பலகைகள் நகர்வாக எண்ணிவிடும். தூக்கி வைப்பதே சரி.

மூன்று இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். கோட்டை கட்டும்போது முதலில் ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி, பிறகு யானையை வைக்க வேண்டும். போட்டி விதியும் இதுவே. சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தால், பல பலகைகள் அது ராணியாகிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். வேறு காய் வேண்டுமானால் தனியே சொல்ல வேண்டும். சிப்பாய் போகிற போக்கில் பக்கத்துச் சிப்பாயை வெட்டும் விதியில், வெட்டுப்பட்ட சிப்பாய் வேறு கட்டத்தில் நிற்கும். அதை எடுக்க மறந்தால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பலகை கெட்டுப்போயிற்று என்று கடைக்கு ஓட வேண்டாம்.

காய்களின் பெயரிலும் ஒரு சிக்கல் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு உண்டு. வட இந்தியப் பள்ளியில் படிக்கும் நம் குழந்தைக்கு ராணி என்பது "வஜீர்", நம் மந்திரி "ஊண்ட்", அதாவது ஒட்டகம். வஜீர் என்றாலோ மந்திரி என்று பொருள். ஊரிலிருந்து தாத்தா "மந்திரியை எடுடா கண்ணா" என்றால், பேரன் ராணியை எடுக்கிறான். பலகையின் திரையில் வருவதோ ஆங்கில எழுத்து. அதிலும் ராஜாவுக்குக் "கே" என்ற எழுத்து போய்விட்டதால் குதிரைக்கு "என்". ஒரு அட்டையில் ஆறு காய்களையும் வரைந்து, எதிரே தமிழ், இந்தி, ஆங்கில எழுத்து மூன்றையும் எழுதிப் பலகையருகே ஒட்டி வையுங்கள். தமிழில் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய். ராணியை அரசி என்றும் யானையைக் கோட்டை என்றும் சொல்வோரும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதை எழுதுங்கள். ஒரு வாரத்தில் குழந்தை மூன்று மொழியிலும் சொல்லும்.

மூன்று காய்களில் ஒரு பாடம்

பலகையைத் திறந்ததும் முழு ஆட்டம் ஆடி முழுத் தோல்வி அடைவதுதான் வழக்கம். அதைவிட நல்ல வழி, மூன்றே காய்களுடன் தொடங்குவது. இயந்திரத்தை அதன் உச்ச பலத்தில் வைத்து, கறுப்பை அதற்குக் கொடுங்கள்.

முதல் நிலை: வெள்ளை ராஜா இ6, வெள்ளைச் சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8. ஆட வேண்டியது வெள்ளை. ராஜாவை டி6-க்கு நகர்த்துங்கள். கறுப்பு ராஜா டி8-க்கு வந்தால் சிப்பாய் இ6. அது இ8-க்குத் திரும்பினால் சிப்பாய் இ7. இப்போது கறுப்பு ராஜாவுக்கு எஃப்7 ஒன்றே வழி. நம் ராஜா டி7-க்கு வந்து இ8-க்குக் காவலாக நிற்கும். அடுத்த நகர்வில் சிப்பாய் ராணியாகும். முதல் நகர்வுக்குப் பதிலாகக் கறுப்பு ராஜா எஃப்7-க்குப் போனாலும் கவலையில்லை. நம் ராஜா டி7-க்குப் போனால் போதும், சிப்பாய்க்கு வழி திறந்துவிடும். உலகின் எந்தக் கம்ப்யூட்டராலும் இந்த நிலையைக் காப்பாற்ற முடியாது. எட்டு வயதுக் குழந்தை, உச்ச பலத்தில் உள்ள இயந்திரத்தை நேர்மையாக வெல்கிறது. அதில் வரும் தன்னம்பிக்கைக்கு ஈடில்லை.

இரண்டாம் நிலை: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ6, கறுப்பு ராஜா இ7. அதே மூன்று காய்கள். சிப்பாய் இன்னும் முன்னேறி நிற்கிறது. ஆனாலும் கறுப்பு சரியாக ஆடினால் ஆட்டம் சமன். இயந்திரம் சரியாகவே ஆடும். எத்தனை முறை முயன்றாலும் வெல்ல முடியாது என்று குழந்தை கண்டுகொள்ளட்டும். பிறகு பக்கம் மாறிக் கறுப்பை எடுத்துக்கொண்டு, நம்மால் சமன் செய்ய முடிகிறதா என்று பார்க்கட்டும். காரணத்தை உடனே சொல்லாதீர்கள். ராஜா சிப்பாய்க்கு முன்னே நடக்க வேண்டும், பின்னே அன்று என்ற விதியைக் குழந்தை தானே சொன்னால் அது மறக்காது. காய் அறியும் பலகையில் இந்நிலைகளை நேரே அடுக்கலாம். மற்றவற்றில் நிலை அமைக்கும் விசையை அழுத்திக் காய்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கையேட்டில் வழி இருக்கும்.

எந்த நிலையில் ஆடுவது?

முழு ஆட்டத்திற்கு வரும்போது, மூன்றில் ஓர் ஆட்டமாவது குழந்தை வெல்லும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். எப்போதும் தோற்றால் மனம் சோரும். எப்போதும் வென்றால் சலிக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. பலத்தைக் குறைத்து வைத்த இயந்திரம், மனிதரைப்போலத் தவறு செய்வதில்லை. பத்து நகர்வு மிக நன்றாக ஆடிவிட்டு, பதினோராவதில் ராணியைச் சும்மா கொடுத்துவிடும். தினமும் அதனுடன் மட்டுமே ஆடும் குழந்தை, பரிசு எப்போது விழும் என்று காத்திருக்கப் பழகிவிடுகிறது. போட்டியில் எதிரே அமரும் குழந்தை அப்படிப் பரிசு தராது. ஆகவே வாரத்தில் நான்கு நாள் இயந்திரத்துடன் ஆடினால், இரண்டு நாளாவது மனிதருடன் ஆட வேண்டும்.

ஆட்டத்திற்குப் பின் பிழை பார்க்கும் வசதி பல பலகைகளில் உண்டு. அதை உடனே அழுத்த விடாதீர்கள். முதலில் குழந்தை ஒரு நோட்டில், தான் தயங்கிய மூன்று இடங்களைத் தன் சொல்லில் எழுதட்டும். "இங்கே குதிரையைப் பார்க்கவில்லை" என்று ஒரு வரி போதும். அதன்பிறகு இயந்திரம் என்ன சொல்கிறது என்று ஒப்பிடலாம். குகேஷ் தம் இளம் பருவத்தில் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்றபோது, பல ஆண்டுகள் கம்ப்யூட்டர் நிரலின் துணையில்லாமலே ஆட்டங்களை ஆராய்ந்தார். தானே கணக்கிடும் பழக்கம் முதலில் வேரூன்ற வேண்டும் என்பதே நோக்கம். நம் வீட்டுக்கும் அது பொருந்தும். இயந்திரம் கடைசியில்தான் பேச வேண்டும்.

மனிதருடன் ஆடும்போது, குறிப்புத் தரும் விளக்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அதைப் பார்த்து ஆடுவது பரீட்சையில் பார்த்து எழுதுவதற்குச் சமம். இதைச் சிறு வயதிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஊரில் உள்ளவர்களுடன் ஆடுவது

நம் குடும்பங்களில் பெரியவர்கள் ஊரிலும் பிள்ளைகள் இங்கும் இருப்பது வழக்கமாகிவிட்டது. தொலைபேசியில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று கேட்டபின் பேச்சு நின்றுவிடுகிறது. சதுரங்கம் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ மாமாவோ இருந்தால் பலகை இங்கே நன்றாகக் கைகொடுக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. முதலாவதற்கு இணையமே தேவையில்லை. இங்கே பலகையை இருவர் ஆடும் முறையில் வையுங்கள். அங்கே தாத்தா தம் பழைய மரப் பலகையை விரிக்கட்டும். நகர்வைப் போனில் சொன்னால் போதும். "குதிரை எஃப்3" என்று அவர் சொல்ல, பேத்தி அதை வைப்பாள். தவறான நகர்வென்றால் பலகை சொல்லிவிடும். இரண்டாவது, லிசெஸ் போன்ற இணையதளம். 2010-ல் தொடங்கிய அது இலவசமானது, விளம்பரம் இல்லாதது, நன்கொடையில் நடப்பது. புளூடூத் உள்ள பல பலகைகளை அதனுடன் இணைக்கலாம். அதில் ஒரு நகர்வுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்து ஆடலாம். முன்பு அஞ்சலட்டையில் ஆடியதுபோலவே. சிறு குழந்தைகளுக்குக் கணக்குத் தொடங்கினால், அந்நியருடன் உரையாடலைத் தடுக்கும் குழந்தைகள் முறையை இயக்கி வையுங்கள்.

பராமரிப்பு

காந்தப் பலகையை இரும்பு மேஜை மேலும் ஒலிபெருக்கி அருகிலும் வைக்க வேண்டாம். கோடையில் கூலர் காற்று நேரே படும் இடத்தில் மரப் பலகை இருந்தால் ஈரத்தில் வளைந்துவிடும். ஊருக்குப் போகும்போது பேட்டரி செல்களை எடுத்துவிட்டுச் செல்லுங்கள், கசிந்தால் தொடர்பு முனைகள் அரித்துப்போகும். உள்ளேயே மின்கலம் உள்ள பலகையை வெயிலில் வைக்காதீர்கள். துடைப்பதற்கு உலர்ந்த துணி போதும்.

கடைசியாக ஒரு செய்தி. 1970-களின் இறுதியில் விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது, தந்தையின் ரயில்வே பணி காரணமாக அக்குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. பகலில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களை, மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தாயார் சுசீலா எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பார்கள். அந்தச் சிறுவன்தான் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த வீட்டில் மின்னணுப் பலகை இல்லை. பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்தார். எந்தப் பலகை வாங்கினாலும், வாங்காவிட்டாலும், வாரத்தில் ஓரிரு மாலை அரைமணி நேரம் அதன் எதிர்ப்பக்கம் நீங்கள் உட்காருங்கள். ஆட்டம் தெரியாது என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வகுப்புக்கு வரலாம். பெரியவர்களுக்கும் இடம் உண்டு.